ஒரு கைப்பிடி மஞ்சள்தூள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அந்த டப்பா வண்டிய எடைக்குப் போட்டுடும்மா. கல்யாணத்தன்னிக்கு நான் அதுல ஏற மாட்டேன். வாடகைக் கார் சொல்லி வச்சிகிறேன்" என்றாய். நான் "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என் வாய் உனக்குத் தெரியும். பதில் சொல்லாமல் போனை வைக்கிறவள் இல்லை நான். ஆனால் இதற்கான பதில் நீளமானது. பாதியில் நீ "அப்பறம் பேசுறேம்மா" என்று வைத்துவிட்டால் மறுபடியும் ஆரம்பிக்க எனக்குத் தைரியம் வராது. பன்னிரண்டு வருஷமாக வராத தைரியம் அது. அதனால் எழுதுகிறேன். கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றபோது பழைய செக்கிங் ஃபாரம் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தேன், அதன் பின்பக்கத்தில். முன்பக்கத்தில் 'கசிவு உண்டு, இல்லை' என்று கட்டம் போட்டிருக்கும். அதைப் பார்த்துச் சிரிக்காதே. முழுக்கப் படித்துவிட்டு வேண்டுமானால் சிரி.

முதலில் வண்டியின் நிலவரம். உன் நைனா அந்த அம்பாசிடரை எடைக்குப் போட மாட்டார். உன்னைவிடப் பதினைந்து வயது மூத்த வண்டி, உன்னை விடவும் அதற்குத்தான் இந்த வீட்டில் செல்லம். உனக்குப் பெண் முடிவானதிலிருந்து, உன்னையும் ஷீபாவையும் திருவள்ளூர் சர்ச்சிலிருந்து அதில்தான் அழைத்துவர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். பெரியபாளையம் வழியாக ஒன்றரை மணி நேர ஓட்டம். தார்ப்பாயை எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் முன்பக்கம் தண்ணீர் சொட்டியது. பொன்னேரியிலிருந்து மெக்கானிக் சாலமன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "வாட்டர் பம்ப் போய்ச்சிண்ணே. உள்ள சீலு செத்துப்போய்க்குது. புதுசு மாத்தாம இத்த பெரியபாளையம் வரிக்கும்கூட இட்டும்போவ முடியாது" என்றார். இன்ஜினுக்கு முன்னால் விசிறியைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அதுதான் வாட்டர் பம்ப். ரேடியேட்டரில் ஆறிய தண்ணீரை இழுத்து இன்ஜினைச் சுற்றி ஓட வைப்பது அதன் வேலை. உனக்கு இதெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நீதான் எனக்குச் சொன்னாய்.

பம்ப் வாங்க நானே புதுப்பேட்டைக்குப் போனேன். உன் நைனா போனால் கடைக்காரன் கொடுத்ததைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். ரப்பர் சீல் செய்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் உட்கார்ந்தவளிடம் அது நடக்குமா? முதல் பம்பின் தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினேன், இழுத்தேன். நூலளவு ஆட்டம் இருந்தது. வேண்டாம் என்றேன். இரண்டாவதைச் சுற்றிவிட்டுக் காதருகே வைத்தேன், கரகரவென்றது. அதுவும் வேண்டாம். கடைக்காரன் நொந்துபோய், "இன்னாக்கா, மாப்ள பாக்க வந்த மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்குற? வாட்டர் பம்புக்கா இது" என்றான். "மாப்ள என் ஊட்ல கீறான். பம்புதான் இல்ல. எட்றா அந்த மேல் அட்டைப் பெட்டிய" என்றேன். எடுத்தான். நல்ல சாமான். வெண்ணெயில் சுற்றுகிற மாதிரி சுற்றியது. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஸ்வீட்டா என்று கேட்டாள். ஆமாம், மகன் கல்யாணம் என்றேன்.

இவ்வளவு தெரிந்த நான் செய்த காரியத்தைத்தான் இனி எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் ஷீபா சொன்ன ஒன்றைச் சொல்ல வேண்டும். புடவை எடுக்கப் போனோமே, அன்றைக்கு டீ குடித்துக்கொண்டிருந்தபோது உன்னைக் கேலி செய்து கொண்டிருந்தாள். "அத்த, உங்க புள்ள தண்ணி பாட்டில மூடிட்டு மூணு தரம் திருகிப் பாக்குறாரு. வண்டி பூட்டிட்டு நூறடி போய்த் திரும்ப வந்து இழுத்துப் பாக்குறாரு. சினிமா போனா பாதிப் படத்துல, கேஸ் மூடினமான்னு கேக்குறாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அந்தக் கடையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். உனக்கே தெரியுமோ என்னவோ.

அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாய். ஆட்டோமொபைல் டிப்ளமோவுக்கு அப்ளிகேஷன் வாங்கி நிரப்பி, போட்டோ மட்டும் ஒட்டாமல் பைபிளுக்குள் வைத்திருந்தாய். உன் நைனா அப்போது தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் அதிகாரிகளுக்கு நிரந்தரமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பெரிய மேனேஜரை விமானத்துக்கு ஏற்றிவிட வேண்டும். முதல் நாள் சாயங்காலம் நீ வண்டியைக் கழுவி, எண்ணெய் பார்த்து, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி மூடினாய். அதை அவர் உன்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். ராத்திரி சாப்பிடும்போது உன் நைனா, ரேடியேட்டர் அடியில் லேசாகக் கசிகிறது, ஞாயிற்றுக்கிழமை ஈயம் வைத்து அடைக்க வேண்டும் என்றார். அவர் முகத்தில் மறுநாள் சவாரியைப் பற்றிய கவலை இருந்தது. கார் ஸ்டாண்டில் டிரைவர்கள் பேசிக்கொள்வதை நானும் கேட்டிருக்கிறேன். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டால் போதும், ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், ஒர்க்‌ஷாப் போகிற வரைக்கும் தாங்கும் என்பார்கள். விடியற்காலையில் அவர் குளிக்கப் போனபோது நான் மஞ்சள் டப்பாவோடு வண்டிக்குப் போனேன்.

ஒரு ஸ்பூன் போட்டால் நிற்கும் என்றால் ஒரு கைப்பிடி போட்டால் இன்னும் நன்றாக நிற்கும் என்று நினைத்தேன். குழம்பு நீர்த்துப்போனால் ஒரு கை சேர்த்துப் போடுகிற புத்தி. அதுவும் மில்லில் அரைத்த கொரகொரப்பான விரலி மஞ்சள். போட்டேன். மூடியை வைத்துத் திருகினேன். நின்றது. மூடியாகிவிட்டது என்று நினைத்தேன். அந்த மூடி முதல் தடுப்பில் நின்ற பிறகு அமுக்கிக்கொண்டு இன்னும் ஒரு திருகு திருக வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்கிற ஜாதியா நான்? உள்ளே வந்து நாஷ்டா எடுத்து வைத்தேன். அவர் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

செங்குன்றம் தாண்டவில்லை. மூடி பிய்த்துக்கொண்டு பானட்டில் அடித்து, ஆவியாகவே தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. மேனேஜர் நடுரோட்டில் ஆட்டோ தேடினார், விமானம் போய்விட்டது, கம்பெனி சவாரியும் அன்றோடு போய்விட்டது. நான் அன்றைக்கு மத்தியான ஷிப்ட், வீட்டில்தான் இருந்தேன். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அவர் வந்தபோது நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "ரேடியேட்டர் மூடிய போட்டியாடா?" என்றார். "போட்டேன் நைனா. அமுக்கித் திருகிப் பாத்தேன்" என்றாய். "போட்டிருந்தா எப்டிடா பறக்கும்?" என்று அறைந்தார். தட்டு உருண்டது. தெருவே வாசலில் நின்றது. "இனிமே என் வண்டி மேல உன் கை பட்ச்சி, வெட்டிடுவேன்" என்றார். நீ அழவில்லை. "போட்டேன் நைனா" என்று இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னாய். நான் அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தேன். என் விரல் நுனியில் மஞ்சள் இருந்தது. முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். அன்றைக்குப் பயம். அவர் கோபம் ஆறட்டும், மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் நீ இருவருடனும் பேசவில்லை, அதைச் சாக்காக வைத்துத் தள்ளிப் போட்டேன். ஆனால் பயத்தைவிட மோசமான காரணம் ஒன்று உண்டு, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த மாதம்தான் எங்கள் கம்பெனியில் நல்ல செக்கர் என்று என்னை மேடையேற்றிக் குடை ஒன்று பரிசு கொடுத்திருந்தார்கள். என் கண்ணுக்குத் தப்பி ஒரு கசிவு போகாது என்று தெருவில் நானே பீற்றிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவள் ரேடியேட்டரில் ஒரு கை மஞ்சளைக் கொட்டி மூடியையும் சரியாகப் போடவில்லை என்றால் எவ்வளவு சிரிப்பு! அந்தச் சிரிப்புக்குப் பயந்து உன்னைப் பலி கொடுத்துவிட்டேன். சின்னப் பையன், நாலு நாளில் மறந்துவிடுவான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துக் குப்பைக் கூடையில் அந்த அப்ளிகேஷன் நாலாகக் கிழிந்து கிடந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். துண்டுகளை எடுத்து அடுப்பில் போட்டேன். நீ லேப் டெக்னீசியன் படிக்கக் கோயம்புத்தூர் போனாய். நன்றாகத்தான் இருக்கிறாய், நல்ல வேலை, நல்ல பெயர். ஆனால் அன்றிலிருந்து இன்று வரை நீ ஒரு வண்டியின் பானட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். சாலமன் ரேடியேட்டரை இறக்கி வைத்து, விசிறியைக் கழற்றி, நாலு போல்ட்டையும் எடுத்துப் பழைய பம்பை வெளியே இழுத்தார். பம்புக்குப் பின்னால், இன்ஜினில் தண்ணீர் போகிற வாயில், துருவோடு துருவாகக் கட்டிகட்டியாக ஏதோ ஒட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி மோந்து பார்த்துவிட்டுச் சாலமன் சிரித்தார். "இன்னாண்ணே, சாம்பார் வச்சியா இதுல? மஞ்சாண்ணே இது. யாரோ அள்ளிக் கொட்டிகிறாங்க." உன் நைனா வாங்கிப் பார்த்தார். "நான் போடவேல்லியே. அந்தப் பையன் வேலையாத்தான் இருக்கும். மூடியும் போடல, மஞ்சாவயும் கொட்டிகிறான். இத்தினி வருசம் வாயத் தொறக்கல பாரு, கல்லுளி மங்கன்" என்றார்.

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, கல்யாணப் பத்திரிகை அடித்து வைத்திருக்கிற நேரத்தில், நீ ஊரிலேயே இல்லாதபோது, உன் கன்னத்தில் இரண்டாவது அறை விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. கையில் சாலமனுக்கு டீ. அதைக் கீழே வைத்தேன். "அவன் இல்ல. நான்தான் போட்டேன். மூடியும் நான்தான் ஒழுங்காப் போடல" என்றேன். சாலமன் புரிந்தவர். பீடி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். டீயைக்கூடக் குடிக்கவில்லை.

உன் நைனா வேஸ்ட் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "பன்னண்டு வருசமா?" என்றார். ஆமாம் என்றேன். "அன்னிக்கே சொல்லிருந்தா உன்ன இன்னா பண்ணிருப்பேன்? அட்ச்சிருப்பனா?" என்றார். "தெரியாது. அவன அடிச்சீங்களே" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசாமல், தானே போட்டுச் சாப்பிட்டார். நான் அழுது கெஞ்சவில்லை. என் பங்கை நான் சொல்லிவிட்டேன். அறைந்தது அவர் கை. நீ இரண்டு முறை சொன்னதைக் கேட்காதது அவர் காது. அதையும் சேர்த்து நான் சுமக்க மாட்டேன், அவரே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, சாலமன் வருவதற்கு முன்பே, வண்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புது பம்பை வைப்பதற்கு முன்னால் இன்ஜின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். கசியாமலிருக்க இடையில் வைக்கிற மெல்லிய அட்டைதான், ஆனால் வருஷக்கணக்கில் வெந்து கல்லாக ஒட்டியிருக்கும். அதன் மேலேயே புதுப் பேக்கிங்கை வைத்து முடுக்கினால் பார்க்கச் சரியாக இருக்கும், ஓட்டும்போது ஒழுகும். பழைய பிளேடை வைத்துக்கொண்டு காலை முழுக்கச் சுரண்டினார். மஞ்சளையும் குச்சி விட்டுக் குடைந்து எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்து, இங்கே இன்னும் இருக்கிறது, அங்கே இருக்கிறது என்று காட்டினேன். அதுதான் நாங்கள் மறுபடி பேசிக்கொண்ட பேச்சு. நீயும் ஷீபாவும் சண்டை போடுவீர்கள், போடுங்கள், போடாத வீடு இல்லை. ஆனால் அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றைக்கே சொல்லிவிடுங்கள். சிரிப்பார்கள் என்றால் சிரிக்கட்டும். மறுநாள் சொல்லலாம் என்று நான் வைத்தது எத்தனை வருஷம் ஆயிற்று பார். பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டியதாகிவிட்டது.

சாலமன் வந்து பம்பைப் பொருத்தினார். நாலு போல்ட்டையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். அடைசலைக் கழுவிக்கொண்டு வந்த ரேடியேட்டரை ஏற்றி, பெல்ட்டை மாட்டினார். இணைப்பெல்லாம் விரலால் தடவி நான் செக் பண்ணிவிட்டேன். ஒழுகாது. இந்த ஃபாரத்தின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார், 'இல்லை' என்ற கட்டத்தில் கையெழுத்தே போட்டிருக்கிறேன். "தண்ணி ஊத்தி ஸ்டார்ட் பண்லாமாண்ணே?" என்று சாலமன் கேட்டார். உன் நைனா ரேடியேட்டர் மூடியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாணாம். அடுத்த சனிக்கிழம பையன் வரான். தண்ணி அவன் ஊத்தட்டும். மூடி அவன் போடட்டும். அவன் போட்டாத்தான் நான் சாவியத் தொடுவேன்" என்றார்.

அன்றிலிருந்து அந்த மூடி அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பித்தளை மூடி, பை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அதோடுதான் வந்தார். முழங்கால் போடும்போது கீழே விழுந்து உருண்டது. பாஸ்டரே எடுத்துக் கொடுத்து என்னவென்று கேட்டார். "எம் புள்ளைது" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் உனக்குப் போன் செய்ய மாட்டார். இரண்டு முறை எடுத்தார், வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்கிற வார்த்தை அவர் வாயில் வராது, அப்படியே வளர்ந்துவிட்டார். எனக்கு வரும். என்னை மன்னித்துவிடு கண்ணு. உன் மேல் விழுந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்றவள் செய்கிற காரியம் இல்லை அது.

உன் கல்யாணம், உன் விருப்பம். எல்லாம் படித்த பிறகும் வாடகைக் கார்தான் என்றால் அதிலேயே வா. ரோஜாப்பூ கட்டி நானே அதை அலங்காரம் செய்வேன், ஒரு முணுமுணுப்பு வராது. ஆனால் சனிக்கிழமை வந்ததும் பையை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் வண்டிப் பக்கம் போ. அவர் அங்கேதான் நிற்பார். ஒன்றும் பேச வேண்டாம். தண்ணீரை ஊற்று, மூடியைப் போடு. போட்டபிறகு மறுபடி மறுபடி திருகிப் பார்க்காதே. ஒரு தரம் போதும்.

அந்த விடியற்காலையில் மஞ்சள் போடுவதற்காக அந்த மூடியைத் திறக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்து, என் பலம் முழுக்கக் கொடுத்துத்தான் திறந்தேன். அன்றைக்கே நீ சரியாகத்தான் மூடியிருந்தாய்.

அம்மா